மேலே ஆள் இல்லாத ஊற்று

இறங்கியாயிற்று. இனி யோசித்து ஆவதென்ன. பதினோரு படியும் இறங்கி, அடியில் ஒரு ஆள் குந்தி உட்காரத்தான் இடம் இருக்கிற குழிக்குள், முழங்கால் இரண்டும் தாடையில் இடிக்க உட்கார்ந்து, முத்துராக்கு முதல் சிரட்டைத் தண்ணீர் ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படி என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. வறண்டு கிடக்கிற கண்மாயின் நடுவில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டிய ஊற்றுக் குழியின் சுவரில், கால் பெருவிரல் மாட்டிக்கொள்கிற அளவுக்குக் கடப்பாரையால் கொத்திவிட்ட பள்ளங்கள்தான் அவை. நிமிர்ந்து பார்த்தால் வானம் அரிசி புடைக்கிற சொளகு அகலத்துக்குத் தெரிந்தது. அதில் ஒரு காக்கை கூட இல்லை. குழியின் மேல் பாதி களிமண், கீழ்ப் பாதி மணல். களி இறுகிப்போய்ச் சொன்ன இடத்தில் நிற்கும். மணல் அப்படி இல்லை, அதற்கு எந்நேரமும் எங்கேயாவது போயாக வேண்டும். இப்போதும் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் போயிற்று. சர்ரென்று ஒரு சின்னச் சத்தம். மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டாள். நின்றுவிட்டது. ஒரு கைப்பிடி இருக்கும். ஒரு கைப்பிடி மண்ணுக்கா பயப்படுவது? ஆனால் மேலே ஆள் இல்லாமல் ஊற்றுக்குள் இறங்கக்கூடாது என்பது இந்த ஊரில் கைக்குழந்தைக்குக் கூடத் தெரியும். கீழே ஒருத்தி இருந்தால் மேலே ஒருத்தி இருக்க வேண்டும். கீழே இருப்பவள் மோந்து குடத்தில் ஊற்றுவாள், மேலே இருப்பவள் கயிற்றை இழுப்பாள். கயிற்றைக் கீழேயிருந்து ஒரு தரம் சுண்டினால் இழு என்று அர்த்தம், இரண்டு தரம் சுண்டினால் பொறு என்று அர்த்தம். காற்றடிக்கிற நாளில் வாய்ப்பேச்சு குழிக்குள் இறங்காது, கயிறுதான் பேசும். இப்போது கயிற்றின் மேல் நுனி வெட்டிவிட்ட கருவேல மரத்தின் மொட்டையில் கட்டிக் கிடக்கிறது. கீழ் நுனி அவள் மடியில் கிடக்கிறது. சுண்டினால் கருவேல மொட்டைக்குத்தான் தெரியும்.

போன மாசம் மேலக்கரையில் ஒருத்தி இடுப்பு வரை புதைந்து போனாளாம். மகள் மேலே நின்றதால் கூவினாள், கூவினதால் ஆள் வந்தது, ஆள் வந்ததால் உயிர் வந்தது. மகள் நிற்கவில்லை என்றால்? அதைப் பற்றி இங்கே உட்கார்ந்து நினைக்கக்கூடாது. வேறு எதையாவது நினை. முத்துராக்கு வேறு எதையாவது நினைத்தாள். பஞ்சவர்ணம் ஞாபகம்தான் வந்தது. பஞ்சவர்ணம் அவளுக்கு ஓரகத்தி, புருஷனின் அண்ணன் பெண்டாட்டி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து வெட்டின ஊற்று இது. தம்பி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது, ஊற்று மட்டும் பாகம் பிரியாமல் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் பஞ்சவர்ணம் மேலே, இவள் கீழே. ஒல்லியாக இருப்பவள்தானே இறங்க வேண்டும், பஞ்சவர்ணம் இறங்கினால் ஊற்றை அகலமாக வெட்ட வேண்டியிருக்கும். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த வாய்கள்தான் இரண்டும். ஒவ்வொரு நாளும் இவள் முதல் படியில் காலை வைக்கும்போது மேலேயிருந்து பஞ்சவர்ணம் "பாத்து எறங்கு" என்பாள். தவறவே தவறாது. ஒருநாள் எரிச்சலில் இவள் கேட்டேவிட்டாள், "ஏங்க்கா, பாக்காம எறங்க எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" பஞ்சவர்ணம் மறுநாளும் அதையேதான் சொன்னாள். அந்தச் சொல்லைக் கேட்டு இரண்டு மாசமாகிறது. இன்றைக்கு முதல் படியில் காலை வைத்தபோது இவள் கொஞ்சம் நின்றாள். யாரும் சொல்லவில்லை. காற்றுத்தான் கருவேலமுள்ளில் உரசிக்கொண்டு போயிற்று. தானே சொல்லிக்கொள்ளலாமா என்று வாயெடுத்தாள், வெட்கமாக இருந்தது, பேசாமல் இறங்கிவிட்டாள்.

ஊறிவிட்டது. தேங்காய்ச் சிரட்டையைச் சாய்த்து வைத்து, அடி மண் கலங்காமல், மேல் தண்ணீரை மட்டும் வழித்து எடுத்தாள். குடத்தின் வாயில் கட்டின வெள்ளைத் துணியின் மேல் ஊற்றினாள். அரைச் சிரட்டை. குடத்துக்கு எத்தனை சிரட்டை என்று எண்ணக்கூடாது, எண்ணினால் நிறையாது. மோந்த இடத்தில் மறுபடி பள்ளம், மணல், ஈரம், பிறகு கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கசிவு. உட்கார்ந்திரு. ஊற்றை விரட்ட முடியாது. காலையில் வந்திருந்தால் கண்மாய் முழுக்கப் பொம்பளைகள், ஊற்றுக்கு ஊற்று சத்தம், தள்ளுவண்டிகள், குடங்கள் முட்டிக்கொள்கிற சத்தம். அதனால்தான் காலையில் வருவதில்லை. கூட்டத்துக்கு நடுவில் மேலே ஆள் இல்லாமல் நிற்பதைவிட, ஆளே இல்லாத உச்சி வெயிலில் வருவது மேல். காலைக் கூட்டத்தில் அவளைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், சண்டைக்கு வரமாட்டார்கள். வண்டியை நிறுத்தினால் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்கள். அந்த நகர்கிறதைத்தான் தாங்க முடியவில்லை. வைதால் பதிலுக்கு வையலாம், நகர்ந்தால் என்ன செய்ய? பஞ்சவர்ணம் இப்போது மருமகளை இறக்கிக் காலையிலேயே எடுத்துவிட்டு, ஊற்றை முள் போட்டு மூடிவிட்டுப் போகிறாள். அந்த முள்ளை இவள் வந்து விலக்குகிறாள், போகும்போது திரும்பப் போடுகிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் இப்போது இருக்கிற போக்குவரத்து அந்த முள் ஒன்றுதான். பஞ்சவர்ணம் போட்ட முள்ளா, தான் போட்ட முள்ளா என்று பார்த்த மாத்திரத்தில் இவளுக்குத் தெரியும். பஞ்சவர்ணம் முள்ளின் அடித்தூரை ஊர்ப் பக்கம் வைத்துப் போடுவாள். இன்றைக்கும் அப்படித்தான் கிடந்தது. அந்தத் தூரைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள், இதற்கெல்லாமா என்று தன்னையே வைதுகொண்டு இழுத்தாள்.

இன்றைக்கு ஒரு குடம் வேண்டும். இல்லாவிட்டால் வந்திருக்கமாட்டாள். தனி ஆளுக்கு ஒரு குடம் மூன்று நாள் வரும், முந்தாநாள் எடுத்ததில் பாதி கிடந்தது. ஆனால் நேற்றுச் சாயங்காலம் பஞ்சாயத்துக் கிளர்க் சைக்கிளில் வந்து வாசலில் நின்றான். "அக்கா, நாளைக்கு மத்தியானத்துக்கு மேல அந்த ஆபீசருக திரும்ப வர்றாக. மறுபடி ஒருக்கா பாக்கணுமாம். போன தடவ மாதிரியே பைப்புப் பக்கத்துல நின்னுக்கங்க. நீங்கதான் நல்லாப் பேசுவீக." சொல்லிவிட்டுச் சிரித்தான். இவளும் சிரித்துத் தொலைத்தாள். அவன் போன பிறகு உள்ளே வந்து குடத்தைத் திறந்து பார்த்தாள். பாதிக் குடம். அடியில் லேசாக வண்டல். வருகிற ஐந்தாறு பேருக்கு இதையா கொடுப்பது என்றுதான் முதல் நினைப்பு வந்தது. பாருங்கள் இந்தப் புத்தியை. ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டதே போன தடவை அவர்களுக்குக் கொடுத்த செம்புத் தண்ணீரால்தான், இரண்டு மாசமாக ஒற்றையில் குழிக்குள் இறங்குவதே இதனால்தான், அவர்கள் வருகிறார்கள் என்றதும் முதல் வேலையாக அவர்களுக்குத் தண்ணீர் எடுக்க வந்திருக்கிறாள். செருப்பால் அடிக்க வேண்டாமா? அடிக்கக்கூட மேலே ஆள் இல்லை.

அன்றைக்கு என்ன நடந்தது. எத்தனை தரம் நினைத்தாலும் ஒரே இடத்தில் போய்த்தான் நிற்கிறது. பங்குனி. இரண்டு கார். நீலக் குழாய் பதித்து, வீட்டுக்கு வீடு ஒரு சிமிண்டுக் கட்டையில் பைப் நிறுத்தி, அதில் நம்பர் எழுதி ஒரு வருஷமாகியிருந்தது. நம்பர் வந்தது, தண்ணீர் வரவில்லை. அன்றைக்குக் காலையில் மட்டும் லாரியில் கொண்டுவந்து மேல்நிலைத் தொட்டியை நிரப்பித் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. துருப்பிடித்த நிறத்தில் வந்தது, பிறகு தெளிந்தது, வாயில் வைத்தால் கரித்தது. இருந்தாலும் வந்தது. அந்த ஆபீசர் சின்ன வயசு. மூக்கு நுனியெல்லாம் வேர்வை. அவள் வீட்டு வாசலில்தான் நிழல் இருந்தது, அங்கே வந்து நின்றார். அவ்வளவுதான் அவள் செய்த பாவம், அவள் வீட்டு வேம்பு பெரிசாக வளர்ந்துவிட்டது. வந்து நிற்கிற மனிதனுக்கு முதலில் என்ன செய்வார்கள்? உள்ளே போய்ச் செம்பை விளக்கி, ஊற்றுத் தண்ணீரை மோந்து கொண்டுவந்து நீட்டினாள். பைப்புத் தண்ணீரையா கொடுப்பார்கள்? ஆட்டுக்குக்கூட அது ஆகாது. அவர் அண்ணாந்து முழுச் செம்பையும் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. இவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும், ஆறு வருஷமாக அந்தச் செம்பில் இவளைத் தவிர வேறு யாரும் குடித்ததில்லை. அவர் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். பைப்பைக் கையால் காட்டினார். "தண்ணி வருதாம்மா?" வந்துகொண்டிருந்தது. கண் முன்னால் ஊற்றிக்கொண்டிருந்தது. "வருது சார்." "நல்லா இருக்கா?" அவர் எந்தத் தண்ணீரைக் கேட்டார்? பைப்பையா, செம்பையா? செம்பு இவள் கையில் இருந்தது, குடித்த வாய் இன்னும் ஈரமாக இருந்தது. வந்தவரிடம் உங்களுக்குக் கொடுத்த தண்ணீர் நல்லா இல்லை என்று எந்த வீட்டுப் பொம்பளையாவது சொல்வாளா? "நல்லா இருக்கு சார். இன்னொரு செம்பு குடிங்க." எல்லாரும் சிரித்தார்கள். போட்டோ எடுத்தார்கள்.

அரைச் சிரட்டை. ஊற்றினாள். துணியில் ஒரு சின்னக் கூழாங்கல் தங்கியது, விரலால் சுண்டிவிட்டாள். அது சுவரில் பட்ட இடத்திலிருந்து மணல் ஒரு கோடாக இறங்கியது. சும்மா இருந்திருக்கலாம். எதையாவது சுண்டிவிட்டு அப்புறம் சும்மா இருந்திருக்கலாம் என்று நினைப்பதே பிழைப்பாகிவிட்டது. பிறகு ஊர் முகப்பில் பலகை வைத்தார்கள், வீட்டுக்கு வீடு குடிநீர் வந்துவிட்ட ஊர் என்று. வாரம் இரண்டு தரம் வந்துகொண்டிருந்த தண்ணி லாரி அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பைப்பில் பத்து நாளைக்கு ஒரு தரம் காற்று வந்தது. பொம்பளைகள் எல்லாரும் சேர்ந்து ஆட்டோ பிடித்து யூனியன் ஆபீசில் கேட்கப் போனார்கள், இவளும்தான் போனாள். அங்கே சுவரில் தட்டி அகலத்துக்கு இவள் போட்டோ. கையில் செம்பு, பக்கத்தில் பைப், பல் முப்பத்திரண்டும் வெளியே. "உங்க ஊருக்கு எதுக்கும்மா லாரி? இந்தம்மாவே சொல்லியிருக்காங்கல்ல?" என்று அங்கிருந்தவர் விரலை நீட்டினார். அவர் விரல் போட்டோவைக் காட்டிற்று, ஊர்ப் பொம்பளைகள் அத்தனை பேரும் இவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இவள் போட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள் அதில். அந்தச் சிரிப்பு அவள் புருஷன் இருந்தபோது சிரித்த சிரிப்பு. அது இன்னும் தன்னிடம் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒருத்தரும் பேசவில்லை. இறங்கும்போது பஞ்சவர்ணம் மட்டும் சொன்னாள், "நல்லவ பேரு எடுத்துட்ட ராக்கு. நல்லா இரு." வேறு யாராவது சொல்லியிருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது.

என்ன சொல்லியிருக்க வேண்டும்? வரலை சார். சொல்லிப் பார்த்தாள், வாய்க்குள்ளேயே. வந்துகொண்டிருந்ததே, எப்படி வரலை என்பது? சரி, இன்றைக்கு மட்டும் வருது சார், நாளைக்கு வராது சார். அது வழக்காடுகிற மாதிரி இருக்கிறது. நல்லா இல்லை சார். இல்லை. அந்தச் சொல்லில் வந்துதான் வண்டி மாட்டிக்கொள்கிறது. இவள் பிறந்த வீட்டில் இல்லை என்ற சொல்லை நடைக்குள் விடமாட்டார்கள். உப்புப் பானை காலியானால் உப்பு நிறைந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அரிசி தீர்ந்தாலும் நிறைந்துவிட்டது. விளக்கு அணைந்தால் குளிர்ந்துவிட்டது. நிறைந்து நிறைந்தே அந்த வீட்டில் அத்தனை பேரும் இளைத்துப் போனார்கள், அது வேறு கதை. மகள் செல்லக்கிளி திருப்பூரிலிருந்து போன் பண்ணினால்கூட "தண்ணியெல்லாம் இருக்காம்மா?" என்பாள், "நெறைய இருக்குத்தா" என்றுதான் இவளுக்கு வருகிறது. "பெரியம்மா நல்லா இருக்காகளா?" "நல்லா இருக்காக." "ரெண்டு பேரும் போய்த்தான தண்ணி எடுக்கிறீக?" "பின்ன." ஒரு பொய்க்கு ஒரு பொய் என்று அடுக்கிவைத்தால் இந்தக் குழிக்குக் கிணற்று உறையே இறக்கிவிடலாம், மணல் சரியாது. இல்லை என்று இப்போது சத்தமாகவே சொல்லிப் பார்த்தாள். குழிக்குள் அந்தச் சொல் மேலே போகவில்லை, அவள் முகத்திலேயே வந்து இடித்தது. இல்லை சார். இல்லீங்க சார். தண்ணி இல்லை. மூன்றாவது தரம் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. யாருக்காக அழுகிறாய், தண்ணீருக்கா? தண்ணீர் இல்லாமல் இந்த ஊரில் பிறந்து வளர்ந்து செத்துத்தான் இருக்கிறார்கள். ஆள் இல்லாமல்தான் முடியவில்லை. அதைச் சொல்ல யாரிடம் போவது? கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள், கை முழுக்க மணல்.

முக்கால் குடம் வந்திருக்கும்போது அது விழுந்தது. கைப்பிடி அல்ல, ஒரு கூடை. இடது தோளுக்குப் பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் ஒரு பத்தை அப்படியே கழன்று இடுப்பில் சாய்ந்தது, கணுக்கால் இரண்டையும் மூடிவிட்டது. முத்துராக்கு கத்தவில்லை, குடத்தின் வாயை இரண்டு கையாலும் மூடினாள். அதற்கப்புறம்தான் பயம் வந்தது. அசையாதே. அசைந்தால் அடுத்தது வரும். அசையாமல் இருந்தாலும் வரும். எழுந்திரு, கயிற்றைப் பிடி, ஏறு, குடம் கிடக்கட்டும். குடமா, முக்கால் குடத்தையா விட்டுவிட்டுப் போவாள்? "ஆராச்சும் இருக்கீகளா?" என்று ஒரு குரல் கேட்டது, அது தன் குரல்தான். கூப்பிட்டதற்கு வெட்கமாக இருந்தது, இந்த நிலைமையிலும் வெட்கம். நாளைக்குக் காலையில் பஞ்சவர்ணம் மருமகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். முள் விலகிக் கிடப்பதைப் பார்ப்பாள். வண்டி நிற்பதைப் பார்ப்பாள். குழிக்குள் எட்டிப் பார்த்து மண்ணைப் பார்ப்பாள். அப்போது என்ன சொல்வாள்? பாத்து எறங்கக்கூடாதா என்றுதானே சொல்வாள். அப்படி நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரித்தால் மண் விழும் என்று அடக்கினாள். காலை மெல்ல உருவினாள். ஒரு கால் வந்தது. இன்னொன்றும் வந்தது. சுவர் அப்படியே நின்றது. விழுந்த மண்ணைச் சிரட்டையால் வழித்துக் குழியின் ஒரு ஓரமாக ஒதுக்கினாள். அதன் அடியிலிருந்து தண்ணீர் மறுபடி கண் திறந்தது. வழக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது, சனியன்.

சொளகு வானத்தில் ஒரு நிழல் விழுந்தது. முதலில் மேகம் என்று நினைத்தாள். இந்த ஊருக்கு ஏது மேகம்?

"ராக்கு."

இரண்டு மாசம். பஞ்சவர்ணத்தின் குரல்தான். பதில் சொன்னால் குரல் எப்படி வருமோ என்று பயமாக இருந்தது.

"ஏ ராக்கு. உள்ள இருக்கியா?"

"இருக்கேன்."

"ஒத்தையிலயா எறங்குன?"

இதற்கு என்ன சொல்வது? "பின்ன, பட்டாளத்தோடயா?" என்று வாய் வரை வந்தது. "ஆமாக்கா" என்றாள்.

மேலே மூச்சு வாங்குகிறது கேட்டது. ஊரிலிருந்து அரைக் கல் தூரம், பஞ்சவர்ணத்தின் உடம்புக்கு அது ஒரு யாத்திரை. "அவுக வந்துட்டாக" என்றாள் பஞ்சவர்ணம். "ஒன் வீட்டு வாசல்லதான் நிக்காக. அந்தப் போட்டோவுல இருக்க அம்மா எங்கேன்னு தேடுறாக. நான் பாத்தேன், வண்டியக் காணோம். இங்கன வந்தேன்." நிறுத்தினாள். "மேல வராத."

"என்னக்கா?"

"மேல வராதங்கேன். அங்கனயே கெட. அவுக போற மட்டுக்கும் வராத. ஒனக்குக் கையெடுத்துக் கும்பிடுறேன் தாயி. நீ வந்தா சும்மா இருக்கமாட்ட. செம்பத் தூக்கிருவ, சிரிச்சிருவ. நாங்க இல்லைன்னு சொல்லிக்கிறோம், நீ வராம இருந்தாப் போதும்."

அப்படியானால் தேடிக்கொண்டு வரவில்லை. தடுக்க வந்திருக்கிறாள். அரைக் கல் தூரம் மூச்சு வாங்க ஓடி வந்தது இவளைக் குழிக்குள்ளேயே வைப்பதற்கு. முத்துராக்குவுக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. பஞ்சவர்ணம் சொன்னது அத்தனையும் சரிதான். மேலே போனால் செம்பைத் தூக்கிவிடுவாள். வேர்த்த முகத்தைப் பார்த்தால் போதும், கை தானாகப் போய்விடும். இல்லை என்ற சொல் அவள் வாயில் வராது, இவ்வளவு நேரமாகச் சொல்லிப் பார்த்தாளே, தனக்குத் தானே சொல்லும்போதே அழுகை வருகிறது. அங்கே வெயிலில் நிற்கிறார்கள். குடிக்கக் கேட்டிருப்பார்களோ? யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள். கொடுக்காததும் சரிதான். ஆனால் வந்தவர்கள் நிற்கிறார்களே, அவள் வாசலில். முக்கால் குடம் இங்கே இருக்கிறதே. குடத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள், பத்தை கழன்ற இடம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கயிற்றைப் பார்த்தாள். பிறகு, யோசித்ததாகவே தெரியவில்லை, வாய்தான் சொல்லிற்று.

"அவுகள இங்கன கூட்டியாக்கா."

"என்னது?"

"வந்தவுகளுக்குத் தண்ணி குடுக்கணும்ல. இங்கன வந்து குடிக்கட்டும்."

நிழல் அப்படியே இருந்தது. பிறகு இல்லை. போய்விட்டாள். கூட்டிவரப் போனாளா, இவளோடு பேசிப் பயனில்லை என்று போனாளா, தெரியவில்லை. வானம் மறுபடி காலியாகக் கிடந்தது. முத்துராக்கு எழுந்து ஏறியிருக்கலாம். ஏறவில்லை. ஊறினதை மோந்தாள், ஊற்றினாள், காத்திருந்தாள். மேலே போய் நின்றால் அவர்கள் பார்க்கப்போவது வேம்பையும் பைப்பையும் அவளையும்தான், போன தடவை பார்த்த அதே மூன்றை. இங்கேயே இருக்க வேண்டும். வந்தாலும் வராவிட்டாலும். வராவிட்டால்? குடம் நிறையும், கயிற்றில் கட்டிவிட்டு ஏறி, தானே இழுத்து, முள்ளைப் போட்டுவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அங்கே ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். செம்பை விளக்கி வைப்பாள். அவ்வளவுதானே, இரண்டு மாசமாக அப்படித்தானே. ஆனால் இந்தத் தரம் அதை நினைக்க முடியவில்லை, அந்த வீட்டு நடையும் அந்தச் செம்பும் கண்ணில் வந்து நிற்க, கையிலிருந்த சிரட்டை தளும்பியது. தண்ணீரைக் கொட்டாதே. கொட்டாதே ராக்கு. குடம் கழுத்து வரை வந்துவிட்டது. அவள் எண்ணவில்லை, ஆனால் எப்படியோ எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், நூற்று முப்பத்தொன்றாவது சிரட்டை ஊறும்போது மேலே செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு செருப்பு அல்ல. பல. அதற்குப் பின்னால் பொம்பளைகளின் வெறுங்கால்கள், முள் மிதித்த யாரோ ஒருத்தியின் "ஸ்" என்ற சத்தம். சொளகு வானத்தின் விளிம்பைச் சுற்றித் தலைகள் முளைத்தன. வெளிச்சத்துக்கு எதிரில் ஒரு முகமும் தெரியவில்லை. கருவேல மொட்டையிலிருந்து யாரோ கயிற்றை அவிழ்த்தார்கள். அவள் மடியில் கிடந்த நுனி மெல்ல நகர்ந்து, விறைத்து, நின்றது.

"அம்மா?" அந்தச் சின்ன வயசுக் குரல்தான். ஆனால் போன தடவை மாதிரி இல்லை, எங்கே கால் வைப்பது என்று தெரியாத குரலாக இருந்தது. "நீங்களா உள்ள இருக்கிறது? இங்கேயிருந்தா..." முடிக்கவில்லை. வேறு எதுவும் கேட்கத் தோன்றாதவர் மாதிரி, அதையே கேட்டார். "தண்ணி நல்லா இருக்காம்மா?"

முத்துராக்கு அண்ணாந்து பார்த்தாள். இல்லை என்ற சொல் வருகிறதா என்று ஒரு நொடி காத்திருந்தாள். வரவில்லை. அது அவளுக்கு வராது.

"நல்லா இருக்கு சார்" என்றாள். "எறங்கி வாங்க, குடிக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் போட்டோ எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தம் கேட்டது. ஒரு கால், வெள்ளையாக, மெத்தென்று, மண்ணையே மிதித்திராத கால், விளிம்பைத் தாண்டி வந்து முதல் படியைத் தடவித் தேடியது. இரண்டாவது தரம் தேடித்தான் கண்டுபிடித்தது.

"பாத்து எறங்கு" என்றாள் மேலே பஞ்சவர்ணம். பிறகு, "எறங்குங்க சார்" என்று திருத்தினாள்.

படியிலிருந்து மண் உதிர்ந்தது. தலையில் விழுந்தது, தோளில் விழுந்தது. முத்துராக்கு ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சிரட்டையின் வாயை மூடினாள். வருகிறவருக்கு மண் விழாத தண்ணீராகக் கொடுக்க வேண்டும்.